நாய்க் கழிவைக் கவரில் கட்டி வாய்க்காலுக்குள் போடுகிறார்கள், என்ன செய்யலாம்?

கரைவாசி (புதுச்சேரி)

எங்கள் தெரு முனையில் ஒரு வாய்க்கால் போகிறது. பேட்டைப் பெயர் வேண்டாம், சொன்னால் யார் வீட்டு நாய் என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிடுவீர்கள். உப்பனாற்று வாய்க்காலில் போய்ச் சேருகிற கிளைதான். இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர், ஒரு பக்கம் சிமென்ட் நடைபாதை. காலையில் விடிந்தும் விடியாமலும், மாலையில் ஆறு மணிக்கு மேலும் நாய் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் கூட்டம் அங்கேதான். கொரோனாவுக்கு அப்புறம் எங்கள் பக்கம் வளர்ப்பு நாய் ரொம்பக் கூடிப்போனது. லேப்ரடார், பொமரேனியன், ஷிட்சு, பக்கத்துத் தெருவில் ஒரு ராஜபாளையம்கூட இருக்கிறது.

முன்பெல்லாம் நாய் எங்கே போனதோ அங்கேயே விட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டுப் போட்டு, சண்டை பிடித்து, இப்போது பாதிப் பேராவது கவர் கொண்டுவருகிறார்கள். சரி, திருந்திவிட்டார்கள் என்று பார்த்தால், குனிந்து எடுத்து, கவரை இறுக்கி இரண்டு முடிச்சு போட்டு, சுவருக்கு மேல் கையை நீட்டி அப்படியே வாய்க்காலுக்குள் விட்டுவிடுகிறார்கள். அதுவும் சுத்தபத்தமாக, அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு.

மழை நின்று தண்ணீர் இறங்கும்போது போய்ப் பாருங்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே போகிற குடிநீர்க் குழாயில் ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று முடிச்சுப் போட்ட கவர்கள் வரிசையாக மாட்டித் தொங்கும். பாதி நாயுடையது. மீதியில் கோழிக்கடை இறகும் குடலும், டீக்கடைக் கப்பு, சாமிக்குப் போட்டுக் கழற்றிய மாலை, ஒரு தடவை முழு ஹெல்மெட். "இங்கு குப்பை கொட்டாதீர்" என்று பலகை வைத்தார்கள். இப்போது அந்தப் பலகைக்குக் கீழேதான் அதிகம் விழுகிறது, இடத்தை அடையாளம் காட்டிக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

எனக்குத் தெரிய வேண்டியது: எடுத்த கழிவை எங்கே போடுவதுதான் சரி? எங்களுக்கே தெரியாமல் அடுத்தவரை என்ன சொல்வது? வாய்க்காலுக்குக் குறுக்கே வலை கட்டலாம் என்று தெருவில் ஒருவர் சொல்கிறார், உதவுமா? அப்புறம், தினமும் முகம் பார்க்கிற ஆட்களிடம் இதைச் சண்டை வராமல் எப்படிச் சொல்வது?

நாலுகால்_அக்கா

நானும் இரண்டு நாய் வைத்திருக்கிறேன், கால்நடை மருத்துவமனை ஒன்றில் வேலையும் பார்க்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் நின்று சொல்கிறேன்.

முதலில் எங்கே போடுவது. வீட்டுக் கழிப்பறைதான். நியூஸ்பேப்பரில் எடுத்து வாருங்கள், உள்ளே இருப்பதைக் கோப்பையில் தட்டி விடுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள். நம் கழிவு போகிற வழியிலேயே அதுவும் போகும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தாலும் செப்டிக் டேங்க் இருந்தாலும் பரவாயில்லை. பேப்பரை மட்டும் உள்ளே போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும், கவர் என்றால் கேட்கவே வேண்டாம். பேப்பரைத் தனியாகச் சுருட்டிக் குப்பையில் போடலாம்.

எடுக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் இதற்குப் பயந்துதான் எடுப்பதில்லை. அரைத்தாள் பேப்பரை நாலாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் சுற்றிச் சுற்றி மோந்து, முதுகை வளைக்கும் பாருங்கள், அந்த நேரம் பேப்பரைப் பின்னால் தரையோடு நீட்டிவிட்டால் நேராக அதன் மேலேயே விழும். தரையைத் தொடவே வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். முதல் சில நாள் நாய் திரும்பிப் பார்த்து முழிக்கும், அப்புறம் பழகிவிடும். என் சின்னது இப்போது பேப்பர் வந்தால்தான் உட்காருகிறது.

இன்னொன்று, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நாய்க்கு வயிறு கலங்கும், அது அதன் உடம்பு வாகு. ஆகவே சோறு வைத்துவிட்டு உடனே வாய்க்கால் ஓரம் கூட்டிக்கொண்டு போனால் அங்கேதான் போகும். சாப்பாடு கொடுத்து, வீட்டு வாசலிலோ மாடியில் ஒரு மூலையிலோ முடித்துவிட்டு, அதற்கப்புறம் நடைக்குக் கிளம்புங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே நடைபாதைக்கு வருவது பெரிதும் குறைந்துவிடும். வாய்க்கால் ஓரத்தைக் கக்கூஸாக வைத்துக்கொள்வது நாயின் பழக்கம் இல்லை, நம் பழக்கம்.

இவ்வளவு ஏன் மெனக்கெட வேண்டும் என்றால், நாய்க் கழிவில் உருளைப்புழு முட்டை இருக்கும், கொக்கிப்புழு முட்டை இருக்கும். உருளைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்த பிறகுதான் அது தொற்றவே தொடங்கும். காய்ந்து பொடியாகிவிட்டதே, இனி ஒன்றும் இல்லை என்று நினைக்கிற சமயத்தில்தான் ஆபத்து. கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமான மணலிலிருந்து வெறுங்காலில் ஏறிவிடும். எங்கள் மருத்துவமனைக்கு நாயோடு வந்த ஒரு சின்னப் பையனுக்குப் பாதத்தில் சிவப்பாக ஒரு கோடு, வளைந்து வளைந்து, நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது, ராத்திரியில் அரிப்பு தாங்கவில்லை. தோல் மருத்துவரிடம் அனுப்பினோம், மருந்தில் சரியாகிவிட்டது. குட்டிகளைக் கொல்கிற பார்வோ கிருமியும் மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். உங்கள் தெருவில் குட்டி நாய்கள் அடுத்தடுத்துச் சாகிறதென்றால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

வயிற்றுப் பூச்சி மருந்து வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஆண்டுதோறும் போடுகிற தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கானதும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், வாய்க்கால் ஓரம் நடக்கிற நாய்க்கு அது கட்டாயம் வேண்டும். எலி, நாய், மாடு எல்லாவற்றின் மூத்திரத்திலும் அந்தக் கிருமி வரும், தேங்கிய தண்ணீரில் காலில் புண்ணோடு இறங்கினால் நமக்கும் வரும்.

செடிக்கு உரமாகப் போடலாமா என்று யாராவது கேட்பீர்கள். வேண்டாம். மாட்டுச் சாணம் வேறு, இது வேறு. இந்த முட்டைகள் சாக வேண்டுமென்றால் உரக்குழி நன்றாகச் சூடேற வேண்டும், நம் மாடித் தோட்டத்துத் தொட்டி அந்தச் சூட்டுக்குப் போகாது.

சும்மா_ஒருத்தன்

ஊர்ச் சாக்கடை மொத்தமும் அந்த வாய்க்காலில்தான் விழுகிறது. எத்தனை வீட்டில் கக்கூஸ் தண்ணீரையே நேராக வாய்க்காலுக்குக் குழாய் வைத்து விட்டிருக்கிறார்கள் என்று போய் எண்ணிப் பாருங்கள். அதை விட்டுவிட்டு நாய்ப்பீயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். நாய் வைத்திருப்பவன் இளிச்சவாயன், அவனிடம் பேசலாம், குழாய் வைத்தவனிடம் பேச முடியாது, அதானே?

கரைவாசி

நீங்கள் சொல்வது உண்மைதான், குழாய் இருக்கிறது, அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்தக் குழாயை மூட அதிகாரி வர வேண்டும், கவரைப் போடாமல் இருக்க யாரும் வர வேண்டியதில்லை. என்னால் முடிகிறதை முதலில் கேட்கிறேன், அவ்வளவுதான்.

தூர்மண்

வாய்க்கால் தூர்வாரும் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தவர்களிடம் பல வருஷம் மேற்பார்வை பார்த்தவன். நாய் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கவர் பற்றித் தெரியும்.

உள்ளே இருப்பது நாய்ப்பீயா கோழிக்குடலா என்பது வாய்க்காலுக்குக் கவலை இல்லை. முடிச்சு, அதுதான் விஷயம். முடிச்சுப் போட்ட கவருக்குள் காற்று நிற்கும், அதனால் அது முழுகாது, மிதந்துகொண்டே போகும். திறந்த கவர் கிழிந்து அடியில் படியும், அதை ஜேசிபி வாளி மண்ணோடு அள்ளிவிடும். மிதக்கிறது நேராகக் கல்வெர்ட் (ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சின்னப் பாலம்) வாய்க்கும் குறுக்குக் குழாய்க்கும் போய் நிற்கும். முதலில் ஒரு மரக்கிளையோ பழைய புடவையோ மாட்டியிருக்கும், அதில் நாலு கவர், அந்த நாலில் நாற்பது, அதற்குப் பின்னால் சேறு, மேலே ஆகாயத்தாமரை. வெளியிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்று இருக்கும், குனிந்து கம்பு விட்டுப் பார்த்தால் கம்பு உள்ளே போகாது.

புதுச்சேரி தட்டையான ஊர். வாய்க்காலுக்குச் சரிவு ரொம்பக் குறைச்சல், கடலில் தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் ஓட்டமே நின்றுவிடும். சரிவு இல்லாத வாய்க்காலில் ஒரு சின்ன அடைப்புக்கும் பின்னால் வெகுதூரத்துக்குத் தண்ணீர் தேங்கும். அங்கே யார் வீட்டில் தண்ணீர் புகுந்ததோ அவர்கள் உங்கள் கல்வெர்ட்டைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, அந்த மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்காது, அந்தப் பழியைக் கவர் மேல் போட மாட்டேன். ஐப்பசியில் ஒரு மணி நேரம் சாதாரணமாகப் பெய்கிற மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கிறது பாருங்கள், அதைப் போடுவேன்.

வலை கட்டாதீர்கள். ஆமாம், படித்துவிட்டுக் கோபப்படாதீர்கள். வலை கட்டுவது சுலபம், அதில் சேருவதைத் தினம் யார் அள்ளுவது? மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் வலை நிறைந்து சுவராக நிற்கும், நீங்களே கட்டிய அணையால் உங்கள் தெருவே முழுகும். தினம் அள்ள ஆள் இருக்கிறது, எடுத்ததை அன்றைக்கே கொண்டுபோக வண்டி வருகிறது என்று எழுத்தில் உறுதியான பிறகு மட்டும் பேசுங்கள். அப்போதும் கரையிலிருந்து கொக்கி போட்டு இழுக்கிற மாதிரிதான் அமைக்க வேண்டும், ஆளை உள்ளே இறக்குகிற மாதிரி அல்ல. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் பாதி ஊரில் ஒரு பையனைக் கூப்பிட்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்து இறங்கச் சொல்கிறார்கள். அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

தூர்வாரியதும் மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதுண்டு. முதல் மழையில் அத்தனையும் கவரோடு திரும்ப உள்ளே இறங்கும். உங்கள் பக்கம் வேலை நடக்கும்போது, புரட்டாசிக்குள் நடந்தால் நல்லது, மண்ணை எப்போது எடுக்கிறார்கள் என்று கூட நின்று கேளுங்கள். இதைக் கேட்க ஒருவரும் வருவதில்லை.

மக்கும்பை

தூர்மண் அண்ணன் சொன்னதோடு ஒன்று. இப்போது இணையத்தில் "மக்கும்" என்று எழுதி நாய்ப் பை ரோல் ரோலாக விற்கிறார்கள், அதை வாங்கிவிட்டால் வாய்க்காலில் போடலாம் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சாதாரண பிளாஸ்டிக்கில் ஏதோ கலந்து சீக்கிரம் துண்டு துண்டாக உதிர வைப்பது, அது மக்குவது இல்லை, பொடியாவது. இன்னொன்று நிஜமாகவே உரமாகிறது, அதில் ஐஎஸ் 17088 தரக் குறியீடும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் அச்சிட்டிருக்க வேண்டும். ஆனால் அதுவும் பெரிய உரக்கூடத்துச் சூட்டில்தான் மக்கும், வாய்க்கால் தண்ணீரில் மற்ற கவர் மாதிரியே மிதக்கும்.

சட்டப்படி பார்த்தால் 2022 டிசம்பர் 31இலிருந்து 120 மைக்ரான் தடிமனுக்குக் குறைந்த பிளாஸ்டிக் கேரி பேக்கே கூடாது. மீன் வாங்கும்போது கொடுக்கிற, கையில் பிடித்தால் விரல் தெரிகிற அந்தக் கவர் எத்தனை மைக்ரான் என்று நீங்களே யோசியுங்கள். நாய்க்கு எடுத்துப் போகிறதும் அதுதான். பேப்பர்தான் சரி.

கெடிலக்கரை (கடலூர்)

கடலூரிலிருந்து எழுதுகிறேன். மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவில் கெடிலம் போகிறது, பாலத்தில் நின்று கீழே பார்த்தால் நீங்கள் எழுதியது அப்படியே தெரியும், என்ன, எங்களுடையது ஆறு, உங்களுடையது வாய்க்கால். கடைசியில் இரண்டும் கடலுக்குத்தான். மழை முடிந்து தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனால் ஆற்றில் போட்டது எல்லாம் மணலில் வரிசையாகக் கிடக்கும்.

எனக்குத் தோன்றுவது, நீங்கள் இரண்டு பிரச்சினையை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். வளர்ப்பு நாய்க்கு அக்கா சொன்ன வழி போதும். தெருநாய்க்கு யார் பேப்பர் நீட்டுவது? அது ஏன் வாய்க்கால் ஓரத்திலேயே கூட்டமாகக் கிடக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் ராத்திரி பத்து மணிக்குக் கோழிக்கடை ஷட்டரை இறக்கியதும் ஒரு மூட்டை கரையில் விழும். விழுகிற சத்தத்துக்கே நாய்கள் ஓடி வரும். மூட்டையைக் கடித்துக் கிழித்து இழுத்து, காலையில் நடைபாதை முழுக்க இறகு. தின்றது அங்கேயே கழியும். குட்டி போட்டதும் அங்கேயே. மனிதரைக் கடிப்பதும் அங்கேயே, ஏனென்றால் அது அவற்றின் சோற்றுத் தட்டு, நாம் அதன் மேல் நடக்கிறோம்.

ஆகவே நாய்க்காரர்களிடம் போவதற்கு முன்னால் கோழிக்கடைக்குப் போங்கள். கடைக்காரர் கெட்டவர் இல்லை, அவருக்குக் கழிவை எடுக்க வண்டி வருகிற நேரமும் கடை மூடுகிற நேரமும் ஒத்துப்போவதில்லை, மறுநாள் காலை வரைக்கும் நாற்றத்தைக் கடைக்குள் வைக்க முடியாது. நாங்கள் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து மூடி போட்ட டிரம் வாங்க வைத்தோம். கடைசி டிரம்மைப் பழைய ஃப்ரீசர் ஒன்றில் வைக்கிறார் ஒருவர், காலையில் வண்டி எடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளிக்கு முந்தின நாளும் மட்டும் இன்னும் வழிகிறது. ஒரு எச்சரிக்கை: "நாங்கள் இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்" என்று மினி லாரியில் வருவார்கள், அது தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கிற குட்டைக்குப் போவதுண்டு. யார், எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தெருநாய்க்குச் சோறு போடுகிறவர்கள் உங்கள் பக்கமும் இருப்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளிலேயே, சோறு போடுவதற்கென்று ஓர் இடத்தைக் குடியிருப்போர் சங்கம் ஒதுக்க வேண்டும், அது குழந்தைகள் விளையாடும் இடமாகவோ வாசல், மாடிப்படிப் பக்கமாகவோ இருக்கக் கூடாது, போடுகிறவர் அங்கே குப்பை விடக் கூடாது என்று இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றமும் வார்டு வாரியாகச் சோறு போடும் இடம் வைக்கச் சொன்னது. அந்த இடத்தை வாய்க்காலிலிருந்து தள்ளி வைத்தால் நாயும் அங்கே போகும். கருத்தடைக்குப் பிடிக்கிற வண்டிக்கும் வேலை சுலபம், நாய் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நிற்கும்.

பாரிஸ்_முத்தியால்பேட்டை

சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து இங்கேயும் அங்கேயுமாக இருக்கிறோம். நான் பிறந்தது முத்தியால்பேட்டை, இருப்பது பாரிஸ். ஊருக்கு வந்தால் எல்லோரும் "அங்கெல்லாம் எவ்வளவு சுத்தம்" என்பார்கள், எனக்குச் சிரிப்பு வரும்.

பாரிஸ் நடைபாதை நாய்ப்பீக்குப் பேர் போனது. 1980களின் தொடக்கத்தில் ஜாக் சிராக் மேயராக இருந்தபோது அதை உறிஞ்சி எடுக்க மோட்டார் சைக்கிள் படையே இறக்கினார்கள், பின்னால் டாங்க், பக்கத்தில் உறிஞ்சு குழாய், ஓட்டுகிறவர் பச்சை உடுப்பு. ஜனங்கள் அதற்கு மோட்டோகிரோட், அதாவது பீ மோட்டார், என்று கேலிப் பெயர் வைத்தார்கள். கொள்ளைச் செலவு, ஆனால் விழுகிறதில் கொஞ்சம்தான் எடுக்க முடிந்தது. அதைவிட மோசம், நகராட்சியே எடுக்கிறதே, நான் ஏன் குனிய வேண்டும் என்று நாய்க்காரர்கள் நிம்மதியாக நடந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் வண்டியைக் கைவிட்டுவிட்டு, எடுக்காதவருக்கு அபராதம் என்று மாறினார்கள். இப்போதும் முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் முன்னைவிட எவ்வளவோ மேல்.

வாய்க்கால் கதை கேளுங்கள். சான் மார்த்தன் வாய்க்கால் என்று ஒன்று, 1825இல் திறந்தது, நாலரை கிலோமீட்டர் நீளம், கரையில் உட்கார்ந்து பீர் குடிக்கிற இளைஞர்கள் கூட்டம். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீரை வடித்துச் சுத்தம் செய்வார்கள். 2016 ஜனவரியில் வடித்தபோது வேடிக்கை பார்க்க ஊரே கூடியது, நானும் போயிருந்தேன். மீன்களை முதலில் பிடித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் சேற்றில் பீர் பாட்டில், சைக்கிள், ஸ்கூட்டர், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி, நாற்காலி. அதற்கு முந்தின தடவை வடித்தது 2001இல்தான், பதினைந்து வருஷத்தில் சேர்ந்தது அவ்வளவும். பணமும் இயந்திரமும் இருக்கிற ஊரிலும் கரையில் நிற்கிறவன் கை நீட்டினால் அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் அங்கே எனக்குப் பிடித்தது. பிரான்ஸின் பல ஊர்களில் தெருவோர மழைநீர் வடிகால் வாயில் "கடல் இங்கே தொடங்குகிறது" என்று சின்னத் தகடு பதித்திருப்பார்கள். அதட்டல் இல்லை, அபராத மிரட்டல் இல்லை. புதுச்சேரியில் அது கூடுதலாகப் பொருந்தும், பெரிய வாய்க்காலில் போடுகிறது நம் கண் முன்னாலேயே கடலுக்குப் போகிறது, அந்தக் கடலோரத்தில்தான் சாயந்திரம் சுண்டல் சாப்பிடுகிறோம். உங்கள் பலகையை எடுத்துவிட்டு இதைச் சுவர் மேலேயே, கை நீட்டுகிற இடத்தில் எழுதிப் பாருங்களேன்.

சும்மா_ஒருத்தன்

தகடு பதித்தால் இங்கே இரும்புக் கடைக்குப் போய்விடும் அண்ணே, பெயின்ட்டில் எழுதச் சொல்லுங்கள். மற்றபடி நல்ல யோசனை.

மூன்றாம்_வீடு

எல்லோரும் சொல்லிவிட்டார்கள், ஒருவர் விட்டுப்போய்விட்டார். காலையில் குப்பை வண்டியோடு வருகிற அம்மாக்கள்.

வாய்க்காலில் போடாதே என்று சொன்னால் அடுத்து எல்லோரும் கவரோடு வீட்டுப் பச்சை வாளியில் போடத் தொடங்குவார்கள், எங்கள் தெருவில் அப்படித்தான் ஆனது. ஈரக் குப்பையை அவர்கள் கையால் கிளறித்தான் கவரைத் தனியாக எடுக்கிறார்கள். கையுறை கொடுத்திருந்தாலும் வெயிலில் வியர்த்து நாலு நாளில் கிழிந்துவிடும். எங்கள் வாசலில் ஒரு அம்மா மஞ்சள் கவரைக் காய்கறித் தோல் என்று நினைத்துப் பிரித்தார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் வெளிக்குழாயைத் திறந்து முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்குத்தான் நான் குழுவில் வாய்விட்டுக் கத்தினேன்.

அதனால் கழிப்பறை வழிதான், வேறு வழி இல்லாதவர்கள், மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள், நன்றாகப் பேப்பரில் சுற்றி மேலே பேனாவால் "நாய்" என்று எழுதி, டயப்பர் போடுகிற தனிப் பையில் கொடுங்கள். எடுக்கிறவருக்குத் தெரிந்துவிடும், பிரிக்க மாட்டார்.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். குழுவில் போட்டோ போட்டால் பகைதான் வரும், போட்டோவில் இருப்பவரின் மாமனார் சங்கத் தலைவராக இருப்பார், அப்புறம் பிள்ளையார் சதுர்த்தி வசூல் வரைக்கும் இழுக்கும். எங்கள் தெருவில் வேலை செய்தது வேறு. நடைபாதை தொடங்குகிற இடத்து வீட்டுக் காம்பவுண்டில் ஓர் ஆணி, அதில் துண்டு துண்டாகக் கிழித்து நூலில் கோத்த பழைய நியூஸ்பேப்பர் கட்டு. யார் வேண்டுமானாலும் உருவிக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற சார் ஒருவர் தினம் மாட்டுகிறார். கையில் பேப்பர் இருக்கிறவர் கவரைத் தேட மாட்டார், முடிச்சுப் போட முடியாததை வாய்க்காலில் எறியவும் யாருக்கும் கை வருவதில்லை, அவிழ்ந்து தன் மேலேயே விழும் என்று பயம்தான். திரும்பி வீட்டுக்குத்தான் எடுத்துப் போகிறார்கள். இன்னும் ஓரிருவர் எடுக்காமலே போகிறார்கள், அவர்களைப் பார்த்தால் அந்த சார் "தம்பி, பேப்பர் வேணுமா?" என்று மட்டும் கேட்பார், குரலை உயர்த்தாமல்.

கரைவாசி

எல்லோருக்கும் நன்றி. வலை யோசனையை இன்றைக்கே குழுவில் நிறுத்திவிட்டேன், சொன்னவருக்குக் கொஞ்சம் வருத்தம், தூர்மண் அண்ணன் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டேன், அப்புறம் பேச்சு இல்லை. பேப்பர் கட்டு மாட்ட இரண்டு வீட்டில் சம்மதம் வாங்கியாகிவிட்டது. சுவரில் எழுத ஒரு பெயின்டர் தம்பி இருக்கிறார், வாசகம் பிரெஞ்சிலும் வேண்டுமாம் அவருக்கு, எழுதட்டும்.

கோழிக்கடைதான் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. எங்கள் பக்கம் மூன்று கடை, அதில் ஒருவரோடு பார்க்கிங் தகராறு ஏற்கெனவே உண்டு. கெடிலக்கரை, அந்த டிரம் எத்தனை லிட்டர், மூடி கிளிப் வைத்ததா சும்மா கவிழ்ப்பதா? ஃப்ரீசருக்கு மின்சாரச் செலவை யார் கட்டுகிறார்கள்?

கெடிலக்கரை (கடலூர்)

ஐம்பது லிட்டர் நீல டிரம், இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற மூடி. கவிழ்க்கிற மூடியை நாய் மூக்காலேயே தள்ளிவிடும். மின்சாரம் கடைக்காரரே கட்டுகிறார், ஃப்ரீசர் மட்டும் நாங்கள் பழைய ஐஸ்கிரீம் கடையிலிருந்து வாங்கிக் கொடுத்தோம். தகராறு இருக்கிற கடைக்கு நீங்கள் போகாதீர்கள், மற்ற இரண்டு கடையை முதலில் பிடியுங்கள், மூன்றாமவரிடம் அவர்களே பேசிக்கொள்வார்கள். சனிக்கிழமை போகாதீர்கள், வியாபாரம் இருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போங்கள், கடை காற்று வாங்கும், உட்கார்ந்து பேசுவார்கள்.